பஞ்சுக்கைக்காரரின் நாய்

என் அக்கா புருஷனை அவர் வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பஞ்சுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர் இல்லை அது, மரியாதைக்கு வைத்தது. நகரத்து நாய்க் காப்பகத்தில் அவருக்கு வேலை. தெருவில் பிடிபடும் நாய்களையும், வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போகும் நாய்களையும் அங்கே கொஞ்ச காலம் கூண்டில் வைத்திருப்பார்கள். தேடிக்கொண்டு யாரும் வராவிட்டால் ஊசி. அந்த ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்வதுதான் மாமாவின் வேலை.

இதைச் சொன்னதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்கிறவர்களை எனக்குத் தெரியும். சுளிக்கட்டும். வீடு மாற்றும்போது நாயைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறுகிறவர்களும் இந்த முகச்சுளிப்புக்காரர்கள்தான். அவர்கள் முடிக்காமல் விட்டதை யாராவது ஒருவர் முடிக்கவேண்டும். அது என் மாமா தலையில் விழுந்தது.

நான் தையல்காரி. என் புருஷனை விட்டு வந்ததிலிருந்து அக்கா வீட்டு முன்னறையில்தான் மெஷினைப் போட்டிருக்கிறேன். ஏன் விட்டுவந்தாய் என்று கேட்காதீர்கள், அந்த ஆளுக்காக ஒரு முழ நூலைக்கூட வீணாக்க மாட்டேன். பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிக்கூடச் சீருடைக்கு மடிப்பு பிரித்து விடுவது என்று வேலைக்குக் குறைவில்லை. அக்காவுக்கு பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்டர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நாள் முழுக்க ஊரோடு மல்லுக்கட்டிவிட்டு வருவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை, எடுத்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

மாமாவின் அப்பா சலூன் வைத்திருந்தார். கத்தரியைப் பார்த்ததும் வீல் என்று அலறும் குழந்தைகளைப் பிடித்துக்கொள்வது சின்ன வயதிலேயே மாமாவின் பொறுப்பு. இடது கையால் தாடையைத் தாங்கி, தலையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்று காதுக்குப் பக்கத்தில் சொல்வாராம். அழுகை விசும்பலாகி நின்றுபோகும், அப்பா கத்தரியை ஓட்டிவிடுவார். அப்பா போனபிறகு கடையை மாமா நடத்திப் பார்த்தார். அவருக்குப் பிடிக்கிற கை இருந்ததே தவிர வெட்டுகிற கை இல்லை. அவரிடம் தலையைக் கொடுத்தவர்கள் எல்லாரும் பின்மண்டையில் படிக்கட்டோடு திரும்பினார்கள் என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடையை இழுத்துப் பூட்டிவிட்டு நாய் வண்டியில் வேலைக்குச் சேர்ந்தார்.

வண்டியில் நாய் பிடித்துக் கொடுக்கும் வேலைதான் முதலில். ஒரு நாள் ஊசி அறையில் பிடிக்கிற ஆள் வரவில்லை. டாக்டரம்மா வெளியே எட்டிப்பார்த்து, யாராவது வாங்கப்பா என்று கூப்பிட, இவர் போனார். அவருக்குத் தெரிந்த ஒரே பிடி எதுவோ அதையே பிடித்தார். தாடையைத் தாங்கி, மார்போடு சேர்த்து, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல." அதுவரை மேஜையையே தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்த நாய் அப்படியே நின்றதாம். வலது கைப் பெருவிரலால் முன்னங்காலை அழுத்தி நரம்பை எழுப்பிக் கொடுத்தார், ஊசி ஒரே தடவையில் இறங்கியது. அன்றிலிருந்து அந்த அறை அவருடையதாகிவிட்டது.

எத்தனையோ வருஷம் ஆயிற்று. தினமும் சாயங்காலம் வந்து பின்பக்கக் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். சாப்பிட உட்காரும்போது, "இன்னிக்கும் ஒண்ணுகூட துள்ளல" என்பார். தினமும் அதே வார்த்தைதான். அக்கா "ம்" என்று சாப்பாட்டை எடுத்து வைப்பாள். பெருமைக்குச் சொல்கிறார் என்று நான் முதலில் நினைத்தேன். பெருமையும் இல்லை ஒன்றும் இல்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் அவருக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது. கொல்கிற வேலை என்றாலும் தன் கையில் அவை நிம்மதியாகப் போகின்றன என்று நம்பித்தான் மனுஷன் மறுநாள் காலையில் எழுந்து சட்டையை மாட்டினார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் நாயோடு வந்து நின்றார்.

செம்பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும், நடுத்தர வயசு ஆண். அதன் வீட்டுக்காரர்கள் "இதோ வர்றோம், அடுத்த வாரம் வர்றோம்" என்று போனில் சொல்லிச் சொல்லியே இழுத்தடித்ததால் மற்ற நாய்களைவிட அதிக காலம் கூண்டில் இருந்துவிட்டதாம். கடைசிக் கூண்டு. ஊசி அறைக்கும் அதற்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். வர மாட்டார்கள் என்று உறுதியான பிறகு அதன் முறை வந்தது. மாமா அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்த நாள் முதலாகக் கேட்காத ஒன்றை டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறார். இதை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று.

"ஏன் இத மட்டும்?" என்று அக்கா கேட்டாள்.

"தெரியல. தினம் அது கூண்டத் தாண்டித்தான போறேன். ஒரு நாளாவது கம்பிகிட்ட வந்து மோந்து பாக்கும்னு நெனச்சேன். வரவே இல்ல. வீட்டுக்கு வந்தா வரும்."

நாய் வந்த அன்றைக்கே என் மெஷினுக்கு அடியில் இடம் பிடித்துக்கொண்டது. மிதிகட்டையின் சத்தம் அதற்குத் தாலாட்டு மாதிரி. தட்டு வைத்தால்தான் எழுந்து வரும், வைத்ததையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு யோசித்துத்தான் தின்னும். வந்த வீட்டில் இவ்வளவு கிராக்கி பண்ணிக்கொள்கிறதே என்று நான் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். "மாப்பிள்ளை எழுந்தாச்சா? மாப்பிள்ளைக்குத் தண்ணி வச்சாச்சா?" என்று அக்காவே விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். என்னோடு ஒட்டிக்கொண்டது. அக்காவின் செருப்புச் சத்தத்துக்கு வால் தரையைத் தட்டும். துணி கொண்டுவரும் பெண்களையும் அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளையும் மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

மாமாவிடம் மட்டும் போகாது.

அவர் உள்ளே வந்ததும் எழுந்து சுவரோரமாக ஒண்டும். அவர் குனிந்து, "ஒண்ணுமில்ல கண்ணு, வா" என்றால் கொட்டாவி விடும். வாய் கிழியக் கொட்டாவி. பிறகு உதட்டை நக்கிக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் மட்டும் அவரைப் பார்க்கும். எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. "மாமா பேச ஆரம்பிச்சா மாப்பிள்ளைக்குத் தூக்கம் வந்துடுது" என்பேன். "கல்யாணமான புதுசுலயே எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்பாள் அக்கா. மாமாவும் சிரிப்பார். சிரித்துவிட்டு மறுபடியும் குனிந்து அதையே சொல்வார். பிரியமாகச் சொல்லத் தெரிந்த வார்த்தை அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது.

தன் கையிலிருந்து ஒரு வாய் தின்ன வைக்க அவர் படாத பாடு பட்டார். ரொட்டித்துண்டோடு முழங்காலிட்டுத் தவம் கிடப்பார். கையை மெல்ல நீட்டித் தாடைக்கு அடியில் கொண்டுபோனதும் அது கல்லாகிவிடும். மூச்சு விடுகிறதா என்றே சந்தேகம் வரும். "பாரு, இப்ப அடங்கிடுச்சு" என்று கண்கள் மின்ன எங்களைப் பார்ப்பார். கையை எடுத்த மறுகணம் அது மெஷினடிக்குப் பறக்கும். எனக்கு நாய் மேல்தான் கோபம். உயிரைக் காப்பாற்றிக் கூட்டிவந்த மனுஷனிடம் இவ்வளவு திமிரா என்று வாரை எடுத்து ஓங்கியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இடித்துக் கதவு வைக்க ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. துளை போடும் மெஷின் சத்தத்தில் எங்கள் பாத்திரங்களே ஆடின. மாப்பிள்ளை மெஷினுக்கு அடியில் மூலையோடு மூலையாக ஒடுங்கி நடுங்கியது. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியை நகர்த்திவிட்டு மெஷினடிக்குள் தவழ்ந்து போனார். மேலிருந்து கவிந்தமாதிரி அணைத்து, இடது கையால் தாடையைத் தாங்கி, மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்றார். நாய் அசையாமல் இருந்தது. அவர் நரம்பு தேடுகிறவர் மாதிரி வலது கையால் அதன் முன்னங்காலைப் பிடித்துத் தடவிக் கொடுத்தார். அது பழக்கம், அவரை அறியாமல் வந்தது.

உறுமல் இல்லை, பல்லைக் காட்டவில்லை. அவருடைய பெருவிரல் அடிச் சதையில் கடித்து, விடாமல் தொங்கியது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடித்து வீட்டுக்கு வந்தோம். அக்கா கைப்பையை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"என்னங்க, போதும். குழந்தைங்க வந்துபோற வீடு இது. அடுத்த ஞாயித்துக்குள்ள அதத் திருப்பி விட்டுடுங்க."

"கடிச்ச நாய வேற யாருக்கும் குடுக்க மாட்டாங்க," என்றார் மாமா.

"சரி."

"அங்க கொண்டுபோனா ஒரே வழிதான்."

"தெரியும்ங்க. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நான்தான் பிடிக்கணும்," என்றார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறைக்குள் போய் வெறும் பாத்திரத்தை வெகுநேரம் கழுவினாள்.

நான் அந்த வாரம் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தேன். கடிக்கிற நாய் என்றதும் காலில் வெந்நீர் ஊற்றியமாதிரி ஓடினார்கள். ஞாயிறும் நெருங்கிவிட்டது. கடைசியில் டாக்டரம்மாவிடமே போய் மன்றாடிப் பார்ப்போம் என்று காப்பகத்துக்குக் கிளம்பினேன். மாமா கட்டுப்போட்ட கையோடே வேலைக்குப் போயிருந்தார், அவரிடம் சொல்லவில்லை.

அதற்குமுன் நான் அங்கே உள்ளே போனதில்லை. இரண்டு பக்கமும் கூண்டுகள், நடுவில் ஈரமான சிமென்ட் நடை, ஓரத்தில் தண்ணீர் ஓட வாய்க்கால். மருந்துநெடி மூக்கைப் பொத்த வைத்தது. நான் உள்ளே வந்ததும் எல்லா நாய்களும் ஒரே நேரத்தில் குரைத்தன, கம்பியில் ஏறின, ஒன்று குதித்துக் குதித்து என் புடவைத் தலைப்பைக் கவ்வப் பார்த்தது. காதைப் பொத்திக்கொண்டு நடை முடிவில் இருந்த தகரச் சுவர் வரை போனேன். உள்ளே இருந்து மாமாவின் குரல் கேட்டது.

"ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல."

குரைப்பு நின்றது. யாரோ சுவிட்சை அணைத்தமாதிரி மொத்தமாக நின்றது. திரும்பிப் பார்த்தேன். கம்பியில் ஏறி நின்ற நாய்கள் எல்லாம் கூண்டின் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு கறுப்பு நாய் கொட்டாவி விட்டது. எதிர்க் கூண்டில் இன்னொன்று. அதற்கடுத்தது. நல்ல வெயில் நேரம், எதற்கும் தூக்கம் வருகிற நேரம் இல்லை. வரிசையாக வாயைப் பிளந்து பிளந்து கொட்டாவி விட்டன, உதட்டை நக்கிக்கொண்டன, ஓரக்கண்ணில் வெள்ளை தெரிய அந்தக் கதவைப் பார்த்தன. புடவையைக் கவ்வப் பார்த்த நாய் நின்ற இடத்திலேயே மூத்திரம் போயிருந்தது.

 எங்கள் வீட்டில் தினமும் பார்த்துச் சிரித்த கொட்டாவி அது.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கதவால் வெளியே வந்தார். நல்ல மாதிரி, அமைதியான பெண்மணி. வந்த காரியத்தை மறந்துவிட்டு, "இதுங்க ஏன் கொட்டாவி விடுது?" என்று கேட்டேன்.

அவர் கூண்டுகளைப் பார்த்துவிட்டு என்னைத் தன் அறைக்குள் அழைத்துக்கொண்டு போனார்.

"பயம்மா. நாய் ரொம்பப் பயந்தா, ஓடவும் வழியில்லன்னா, கொட்டாவி விடும். உதட்ட நக்கும், மூஞ்சியத் திருப்பிக்கும். உள்ள இருக்கற நாய் பயத்துல ஒரு வாடைய விடும், நமக்குத் தெரியாது, அதுங்களுக்கெல்லாம் தெரியும். அந்த வாடையும் அவரு குரலும் ஒண்ணாத்தான் வருது. போன நாய் திரும்பி வர்றதும் இல்ல. வேற என்ன நெனைக்கும்?"

"அவரு பிடிச்சா அடங்கிடுதுன்னு சொல்றாரே."

"அடங்கறதில்லம்மா. மேலேருந்து கட்டிப் பிடிச்சுத் தாடையத் தூக்கினா எந்த நாய்க்கும் ஒடம்பு ஒறஞ்சு போயிடும். தப்பிக்க முடியாதுன்னு தெரிஞ்சு அசையாம கெடக்கறதுதான் அது."

"இது உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"ஆரம்பத்துலேருந்தே," என்றார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். "அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? இத்தன வருஷமா அந்த மனுஷன் அதச் சொல்லிக்கிட்டுத்தான் சாப்பிடறாரு."

"சொன்னா நாளைக்கு அவரு வர மாட்டாரு. வேற ஆள் பிடிச்சா நாய் துள்ளும், நரம்பு தவறும், ரெண்டு தடவ மூணு தடவ குத்தணும், அது கத்தும். எது தேவலாம்னு நீங்களே சொல்லுங்கம்மா." கோபமே இல்லாமல்தான் கேட்டார். அந்த நிதானம் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழி முழுக்க ஒரே யோசனை. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அந்த மேஜையில் இருக்கும், அவர் தாடையைத் தாங்கிக்கொண்டு அதே வார்த்தையைச் சொல்வார். சொன்னால், அது ஏன் கடித்தது என்று புரிந்து நாய்க்கு ஒரு வழி பிறக்கும், ஆனால் அவரிடம் இருக்கிற ஒரே ஆறுதலை நான் பிடுங்கிக்கொள்ள வேண்டும். என் வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். அந்த வாயை வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் அவர் கட்டில்லாத கையை மட்டும் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். அக்கா தட்டு வைத்தாள். "இன்னிக்கும் ஒண்ணுகூட," என்று அவர் ஆரம்பித்தார்.

"மாமா, நான் இன்னிக்கு அங்க வந்திருந்தேன்," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வாடை, குரல், கொட்டாவி, தகரச் சுவர், கடைசிக் கூண்டில் மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே கிடந்தது. அவர் நடுவில் எழுந்தார், உட்கார்ந்தார், கட்டுப்போட்ட கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு கோபம் வந்தது. அந்த மனுஷன் என்னிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை.

"துணி வெட்டற உனக்கு நாயப் பத்தி என்னம்மா தெரியும்? என் கையில எத்தன நாய் போயிருக்கு! சாயறப்ப என் தோள்ல தலைய வச்சு சாயும். உனக்குத் தெரியுமா?"

எனக்கும் கோபம் மூக்குக்குமேல் வந்துவிட்டது. மாப்பிள்ளை அவருக்கு எட்டாமல் என் காலோடு ஒட்டிப் படுத்திருந்தது. குனிந்து, அவர் சொல்கிற அதே இழுப்பில், "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்றேன்.

நாள் முழுக்க என்னோடு இருக்கிற நாய். என் கையால் தின்கிற நாய். சட்டென்று புரண்டு எழுந்தது. என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கிக்கொண்டு மெஷினின் மூலைக்குள் போய் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. நான் செய்தது கொடுமைதான், நாய்க்கும் அவருக்கும். ஆனால் அதைத் தவிர வேறு எதைச் செய்திருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

மாமா நின்றபடியே பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"எல்லாமேவா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். ஏதாவது பொய் சொல்லித் தொலையேன் என்று கெஞ்சுகிற பார்வை.

"நான் பாத்ததெல்லாம், மாமா," என்றேன்.

அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. கட்டு நனைகிறது என்று அக்கா ஓடிப்போய்த் தடுக்கும்வரை கழுவிக்கொண்டே இருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போயிற்று. அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. துணி கொடுக்க வருபவர்களை வாசலோடு நிறுத்தி வாங்கிக்கொள் என்று மட்டும் என்னிடம் சொன்னாள். மாமா வேலையிடத்து உடுப்பைப் பின்பக்கமே கழற்றி வாளியில் போட்டுவிட்டு, வேறு உடுத்திக்கொண்டு உள்ளே வர ஆரம்பித்தார். நாயின் பக்கம் குனிவதில்லை, கையை நீட்டுவதில்லை, நேருக்கு நேர் பார்ப்பதில்லை. வாசலையொட்டித் தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்வார், அது எழுந்து போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார். உதட்டை நக்கினால் இவர் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார். இதெல்லாம் அவரே பார்த்துப் பார்த்துக் கண்டுகொண்டது. அதுவரை நாயைப் பிடிக்கத்தான் பார்த்திருந்தார், இப்போதுதான் நாயைப் பார்த்தார்.

அதோடு என்ன பேசுவது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. கண்ணு, ராஜா, செல்லம் என்று அவரிடம் இருந்த கொஞ்சல் முழுவதும் அந்த அறையில் செலவாகிவிட்டது, ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. பேசாமல் உட்கார்ந்தாலும் அவர் குரல் அதற்குப் பழகாது. அதனால் செய்தித்தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். விளையாட்டுச் செய்தி, வானிலை அறிக்கை, காணவில்லை விளம்பரம், தேர்தல் கூட்டத்தில் நாற்காலி வீச்சு. எல்லாவற்றையும் ஒரே குரலில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசிப்பார். "மாப்பிள்ளைக்கு இனிமே உலக விஷயம் அத்துப்படி" என்று நான் கிண்டல் செய்தால் லேசாகச் சிரிப்பார். பழைய சிரிப்பு அது இல்லை.

வேலையிடத்தில் நடந்ததை அவர் சொல்லவில்லை. வண்டி ஓட்டுகிறவர் மனைவி ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தபோது சொன்னாள். பஞ்சுக்கை அண்ணன் இனி கூண்டு கழுவுகிறேன், அந்த அறைக்குப் போகமாட்டேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். வேறு ஆள் பிடித்தான். மூன்றாவது குத்துக்கு நாய் கத்திய கத்தலில் வாளியைக் கீழே போட்டுவிட்டு இவரே உள்ளே ஓடி அதைப் பிடித்திருக்கிறார். மறுபடியும் அவர்தான் பிடிக்கிறார். வாயைத் திறப்பதில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எதிர்த்துப் பேசாதவர் டாக்டரம்மாவோடு சண்டை பிடித்து, ஊசி மேஜையைக் கூண்டுகளுக்குக் கேட்காத தூரத்தில், பின்பக்கக் கொட்டகைக்கு மாற்ற வைத்தாராம். மயக்க மருந்து கையிருப்பில் இருக்கிற நாளில் முதலில் சாப்பாட்டில் கலந்து கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள். கையிருப்பு இல்லாத நாளும் உண்டு. "அண்ணன் இப்பெல்லாம் பிடிக்கறப்ப அதோட மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்காராம், எங்க வீட்டுக்காரருக்கு உள்ள நிக்கவே முடியலயாம்" என்றாள்.

வீட்டில் அவர் "இன்னிக்கும் ஒண்ணுகூட துள்ளல" என்று அதன்பின் சொன்னதே இல்லை. தட்டின்முன் உட்கார்ந்து பாதியில் எழுந்துவிடுவார். அக்கா திட்டுவாள், கெஞ்சுவாள், அழுதும் பார்த்துவிட்டாள். இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு இளைத்துப் போனார். நான்தான் அவருடைய பேன்ட்டுகளை எல்லாம் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். சொன்னது சரிதானா என்று யாராவது கேட்டால் சரிதான் என்றுதான் சொல்வேன். அதற்காக அந்தப் பேன்ட்டுகளைத் தைக்கும்போது எனக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை.

மாப்பிள்ளை மெல்ல மாறியது. அவர் வந்தால் எழுந்து போவதை நிறுத்தியது. பிறகு கொட்டாவி நின்றது. பிறகு அவர் வாசிக்கும்போது மடங்கிய காதும் நிமிரும். ஒரு நாள் அவர் தரையில் வைத்துவிட்டு நகர்ந்த ரொட்டியை, அவர் இருக்கும்போதே வந்து தின்றது. நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா அன்றைக்குத்தான் துணிக்காரப் பெண்களை மறுபடியும் உள்ளே வரவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் அவர் வேலைக்குப் போகும்முன் வாசலருகே உட்கார்ந்து வானிலை அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு சட்டைக்குக் காலர் திருப்பிக்கொண்டிருந்தேன். காலடியில் அசைவு தெரிந்தது. மாப்பிள்ளை எழுந்து, முன்னங்கால் இரண்டையும் நீட்டிச் சோம்பல் முறித்து, உடம்பை உதறிக்கொண்டு நேராக அவரிடம் நடந்தது. அவர் முழங்காலை மோந்து பார்த்தது. பக்கத்தில் தொப்பென்று படுத்து, முழங்கால்மேல் தாடையை வைத்துக்கொண்டது.

 அவர் செய்தித்தாளை மெதுவாகத் தரையில் வைத்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். அக்கா டிஃபன் டப்பாவோடு கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"தடவிக் குடுங்க மாமா," என்றேன் குரலைத் தாழ்த்தி. "அதுவாத்தான் வந்திருக்கு."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"காதப் பாருங்க, தளர்ந்து கெடக்கு. வாயப் பாருங்க, இறுக்கமே இல்ல. கண்ணு சொருகுது. இது பயம் இல்ல மாமா, சத்தியமா இல்ல."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். காதைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், ஏறி இறங்குகிற விலாவைப் பார்த்தார்.

"அசையாம இருக்கேம்மா," என்றார். "எல்லாமே என்கிட்ட இப்படித்தான் அசையாம இருந்துச்சு. அப்பவும் நான் இப்படித்தான் நெனச்சேன்."

 அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு டப்பாவை மேஜையில் வைத்தாள். வெளியே தூறல் பிடித்தது. அவருக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, யாரும் ஞாபகப்படுத்தவில்லை. மாப்பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டு அவர் முழங்கால்மேலேயே தூங்கிப்போனது. அது தானாக எழுந்து போகும்வரை அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கையை வெளியே எடுக்கவே இல்லை.